"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்": வீட்டில் முதிய நாயோ பூனையோ இருந்தால்

எங்கள் நாய் மணி 11 வயதில் மாடிப்படி ஏறுவதை நிறுத்திக்கொண்டான். அதுவரை நான் துணி உலர்த்தப் போனால் எனக்கு முன்னால் மொட்டைமாடியில் நிற்பவன், கீழ்ப்படியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தான். "வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா. நானும் அதையேதான் நினைத்தேன். ஆறேழு மாதம் கழித்துத் தடுப்பூசிக்கு அழைத்துப்போனபோது, மருத்துவர் அவன் பின்னங்காலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். மணி சட்டென்று தலையைத் திருப்பி அவர் கையை நக்கினான். "வலிக்குதுன்னு சொல்றான்" என்றார் அவர். இடுப்பு மூட்டில் தேய்மானம். எடை மேடையில் நிறுத்தினால், இருக்க வேண்டியதைவிட 4 கிலோ கூடுதல். வலிக்கு மருந்து கொடுத்தோம், சோற்றைக் குறைத்தோம், கூடத்தில் பாய் விரித்தோம். மூன்றாவது மாதம் அவன் மறுபடி மாடிக்கு வந்தான், நின்று நின்று.

அந்த ஆறேழு மாதமும் அவன் வலியோடுதான் இருந்திருக்கிறான். எங்களுக்கு அது முதுமையாகத் தெரிந்தது. முதுமை வருவதைத் தடுக்க முடியாது. ஆனால் முதுமை என்று நாம் தள்ளிவிடுவதில் பலவும் மூட்டுவலி, பல்வலி, சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு என்று பெயர் சொல்லக்கூடிய நோயாகவே இருக்கிறது. முதிய பிராணியைப் பார்த்துக்கொள்வது என்றால் முதலில் அந்த ஒரு வாக்கியத்தை வாயில் வராமல் பார்த்துக்கொள்வதுதான்.

எந்த வயதில் தொடங்குகிறது

நாயின் ஒரு வருடம் நமக்கு 7 வருடம் என்று சொல்வார்கள். கணக்குப் போட எளிது, ஆனால் சரியில்லை. ஒரு வயது நாயால் குட்டி போட முடியும். 7 வயதுக் குழந்தையோடு அதை எப்படி ஒப்பிடுவது? நடுத்தர உடம்புள்ள நாய்க்கு முதல் வருடம் மனிதரின் 15 வயதுக்குச் சமம், இரண்டாவது வருடம் மேலும் 9, அதன்பின் வருடத்துக்குச் சுமார் 5 என்பது இன்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. பூனைக்கு 2 வயதில் 24, பிறகு ஆண்டுக்கு 4. அப்படிப் பார்த்தால் 15 வயதுப் பூனை நம் வீட்டு 76 வயதுப் பாட்டி.

நாயில் உடம்பின் அளவு முக்கியம். பெரிய நாய்கள் சீக்கிரம் மூப்படையும். கிரேட் டேன் 6, 7 வயதிலேயே கிழம்; லாப்ரடாருக்கு 8-ஐ ஒட்டி; பொமரேனியன் மாதிரிச் சின்னது 10 வரை துள்ளும். நம் நாட்டு நாய்க்கு 8, 9 வயதிலிருந்து கவனிக்க ஆரம்பித்தால் தவறில்லை. பூனைக்கு 10 தாண்டினால் முதுமை. அந்த வயதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை என்பதை மாற்றி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, முடிந்தால் ரத்த அழுத்தம். வெளியே போவதே இல்லை என்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள். அது கிழப் பிராணிக்கும் உண்டு.

நாய்க்குச் சோறு: அளவு குறையட்டும், கறி குறைய வேண்டாம்

சாப்பாட்டில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நாயும் பூனையும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை என்பது. வயதான நாய் ஓட்டம் குறைந்து, தசை குறைந்து, அதே சோற்றில் கொழுக்கும். வயதான பூனை, 12 வயதை ஒட்டி, உணவிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் சரியாகச் செரிக்க முடியாமல் மெலியத் தொடங்கும். ஒன்றுக்குக் குறைக்க வேண்டும், மற்றதற்குப் பல நேரம் கூட்ட வேண்டும். இரண்டும் இருக்கும் வீட்டில் ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பிரித்துப் போட்டால் இரண்டுக்கும் கெடுதல்.

எடை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு லாப்ரடார் நாய்களில் நடந்த ஓர் ஆய்வு உண்டு. 48 குட்டிகள். ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்து, 14 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் ஒல்லியான நாய்களுக்குத் தாமதமாகத்தான். ஒரு மருந்தும் இல்லாமல், தட்டில் அள்ளிப்போடும் கையைக் கொஞ்சம் அடக்கியதால் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

உங்கள் நாய் சரியான எடையில் இருக்கிறதா என்று கையாலேயே பார்க்கலாம். உங்கள் இடது கையை நீட்டி, புறங்கையை வலது விரலால் தடவுங்கள். லேசான தோலுக்கு அடியில் எலும்பு தெரிகிறது இல்லையா? நாயின் விலாவைத் தடவும்போது அப்படி இருந்தால் சரி. முஷ்டி மடக்கினால் தெரியும் முட்டி எலும்பு மாதிரி இருந்தால் மெலிவு. உள்ளங்கைச் சதை மாதிரி, அழுத்தினால்தான் எலும்பு என்றால் கூடுதல். முடி அடர்ந்த பொமரேனியனில் கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது.

எவ்வளவு கலோரி என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், கைபேசியிலேயே போடலாம். எடையை கிலோவில் எடுத்து மூன்று முறை பெருக்குங்கள். 10 கிலோ என்றால் 10 × 10 × 10 = 1000. அதற்கு வர்க்கமூலம், வந்ததற்கு மறுபடி வர்க்கமூலம்: 5.6 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் 394. படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிக்கும் கலோரி இது. வீட்டோடு இருக்கும் முதிய நாய்க்கு இதை 1.2 முதல் 1.4 வரை பெருக்கினால் போதும். 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 470 முதல் 550. இது ஆரம்பப் புள்ளிதான். இரண்டு மூன்று வாரம் கொடுத்துவிட்டு எடை பாருங்கள், தராசு சொல்வதே முடிவு.

இப்போது பிஸ்கட்டுக்கு வருவோம். காலைக் காபியோடு அப்பா இரண்டு, அம்மா இரண்டு, மாலையில் பிள்ளைகள் நாலு. ஒரு மாரி பிஸ்கட்டில் 20 கலோரிக்கு மேல் இருக்கிறது. எட்டு பிஸ்கட்டில் அந்த 10 கிலோ நாயின் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது, அதில் மாவும் சர்க்கரையும் தவிர ஒன்றுமில்லை. தின்பண்டம் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். கேட்டுப் பார்க்கும் கண்ணுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வெள்ளரிக்காய், கேரட், வேகவைத்த பூசணித் துண்டு கொடுங்கள். பெரும்பாலான நாய்களுக்கு நாம் கையால் கொடுப்பதுதான் ருசி.

நம் ஊரில் அடுத்த பெரிய தவறு தயிர்சாதம். "வயசான நாய்க்குக் கறி போட்டா கிட்னி போயிடும், தயிர்சாதமே போதும்" என்று எத்தனையோ பேர் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கும் முதிய நாய்க்குப் புரதம் குறையக் கூடாது. வயதில் தசை தானாகக் கரைகிறது. அதைத் தாங்கிப் பிடிக்க இளம் நாயைவிடக் கூடுதலாகவே புரதம் வேண்டும். தயிர்சாதத்தில் வளர்ந்த கிழ நாய்களின் முதுகெலும்பு துருத்திக்கொண்டும் வயிறு உப்பிக்கொண்டும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறுநீரக நோய் என்று பரிசோதனையில் தெரிந்த பிறகு கணக்கு மாறும். அப்போதும் முதலில் குறைக்க வேண்டியது பாஸ்பரஸ். புரதத்தை எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர் நோயின் நிலை பார்த்துச் சொல்வார்.

வீட்டில் சமைத்துப் போடுபவர்களுக்கு ஒரு மாதிரி அளவு: நோயில்லாத 10 கிலோ முதிய நாய்க்கு ஒரு நாளைக்கு வெந்த சோறு 150 கிராம், எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி 120 கிராம், அவித்த முட்டை 1, பூசணி, கேரட், பீன்ஸ் என்று ஏதாவது காய் ஒரு கைப்பிடி. இது 500 கலோரியை ஒட்டி வரும். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஆனால் இதில் கால்சியம் போதாது, இன்னும் சில சத்துகளும் போதாது. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. எனவே என்ன சத்துப்பொடி, எத்தனை கிராம் என்று மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்தால்தான் இது முழு உணவு. கடைத் தீனி போடுபவர்கள் "சீனியர்" என்று பையில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தச் சொல்லுக்குப் பொதுவான சத்து வரையறை கிடையாது. புரதமும் கலோரியும் எவ்வளவு என்று பின்பக்கம் படியுங்கள். எந்த மாற்றத்தையும் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து செய்யுங்கள். கிழ வயிறு திடீர் மாற்றத்தைத் தாங்காது.

சாம்பார் சோறு, குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும்; வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தை முடக்கிவிடக்கூடியது. வெந்த எலும்பு ஊசியாகச் சிதறிக் குடலைக் கிழிக்கும்.

பூனை வேறு கதை

பூனை முழு மாமிசப் பிராணி. சைவ வீட்டு நாய் முட்டை, பால், பருப்பு என்று கவனமாகத் திட்டமிட்டால் சமாளித்துவிடும், பூனையால் முடியாது. டாரின் என்ற சத்து அதன் உடம்பில் போதுமான அளவு உருவாகாது, கறியிலும் மீனிலுமிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் பூனையின் இதயம் பலூன் போல விரிந்து பலவீனமாகும் என்று 1987-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் பிறகே பூனைத் தீனி செய்பவர்கள் டாரினைக் கூட்டினார்கள். டாரின் தண்ணீரில் கரையும். எனவே கறி வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதையும் சேர்த்து ஊற்றுங்கள்.

மீன் கொடுப்பவர்கள் வேகவைத்தே கொடுங்கள். பச்சை மத்தி, நெத்திலியில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வெந்தால் அது செயலிழக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். ஈரல் மலிவு, பூனைக்கும் உயிர், ஆனால் தினமும் ஈரல் கொடுத்தால் வைட்டமின் ஏ சேர்ந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். தலையைத் திருப்ப முடியாத பூனையாகிவிடும். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காது.

பூனையின் எடையை மாதம் ஒரு முறை எழுதிவையுங்கள். தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்துக்கொள்ளலாம். கூடையில் வைத்து மளிகைக்கடைத் தராசிலும் நிறுக்கலாம், எங்கள் தெருக் கடைக்காரர் ஒரு நாளும் மறுத்ததில்லை. 4 கிலோ பூனையில் 400 கிராம் குறைவது 60 கிலோ மனிதரில் 6 கிலோ குறைவதற்குச் சமம், ஆனால் முடிக்குள் அது கண்ணுக்கே தெரியாது. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு மிகையாகச் சுரக்கலாம், அல்லது சர்க்கரை நோய். சாப்பிடாமல் இளைத்தால் பல், சிறுநீரகம், குடல் என்று தேட வேண்டும். எதுவானாலும், பூனை இரண்டு நாள் முழுதாகச் சாப்பிடவில்லை என்றால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். பட்டினியில் கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்து அதுவே உயிரை எடுக்கும், அதுவும் குண்டுப் பூனைகளில் வேகமாக.

சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும் கிழப் பூனைக்கு மோப்பம் மங்கியிருக்கலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து கொடுங்கள். சிறு சிறு அளவாக, நாலைந்து வேளை.

தண்ணீரை அளந்து பாருங்கள்

முதிய பூனைகளைக் கொண்டுபோகும் நோய்களில் சிறுநீரக நோய் முன்வரிசையில் நிற்பது. அது சத்தமில்லாமல் வருகிறது. கிரியாட்டினின் என்ற ரத்த அளவு கூடும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் சுமார் முக்கால் பங்கு ஏற்கனவே போயிருக்கும். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு பரிசோதனை அதைவிட முன்பே காட்டும். இருக்கிறதா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். வீட்டிலேயே தெரியும் அறிகுறி ஒன்று உண்டு: தண்ணீர் அதிகம் குடிப்பதும், அதிகம் சிறுநீர் போவதும்.

காலையில் அளவுக் குவளையால் ஊற்றி, மறுநாள் காலை மீதியை அளந்து கழியுங்கள். நாய் ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல், பூனை 50 மில்லிக்கு மேல் ஒரு நாளில் குடித்தால் அது வெயிலின் வேலை இல்லை. சிறுநீரகம், சர்க்கரை, கருத்தடை செய்யாத பெட்டை நாயென்றால் கர்ப்பப்பையில் சீழ், எதுவும் இருக்கலாம். அதிகம் குடிக்கிறதே, ராத்திரி வீட்டை நனைக்கிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்கிறார்கள் சிலர். இதைவிட ஆபத்தான வைத்தியம் இல்லை. கெட்ட சிறுநீரகம் தண்ணீரைத் தேக்க முடியாமல்தான் வெளியே விடுகிறது. குடிக்கவும் விடாவிட்டால் ஓரிரு நாளில் உடம்பு வற்றிவிடும்.

கர்ப்பப்பைச் சீழைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊரில் கருத்தடை செய்யாத பெட்டை நாய்கள் ஏராளம். வயிற்றுச்சூடு, தீட்டு என்று விட்டுவிடுவார்கள். சூட்டுக்கு வந்து ஒன்றிரண்டு மாதத்தில் கிழப் பெட்டை நாய் சோர்ந்து, நிறையத் தண்ணீர் குடித்து, வாந்தி எடுத்தால், வெளியே சீழ் ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும், அன்றே கொண்டுபோங்கள். ஒழுகாத வகைதான் அதிகம் கொல்வது.

வலியும் வீடும்

12 வயதுக்கு மேற்பட்ட பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் 90 சதவீதத்துக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. எத்தனை பூனை நொண்டிப் பார்த்திருக்கிறோம்? பூனை நொண்டாது. பீரோ மேல் தாவுவதை விட்டுவிடும், முதுகை நக்கிச் சுத்தம் செய்யாமல் முடி சடையாகும், மணல் தட்டின் விளிம்பைத் தாண்ட வலித்து வெளியே போகும். நாய் எழும்போது தடுமாறும், தொட்டால் உறுமும். முன்கோபம் வந்துவிட்டது என்று நாம் நினைப்பது பல நேரம் வலிதான்.

வலி தெரிந்ததும் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பூனையால் பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்ற முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து ஈறு பழுப்பாகும். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நமக்குத் தரும் இபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிராணிகளுக்கென்றே வலிமருந்துகள் உண்டு, ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் எழுதுவார். துணைக்கு மீன் எண்ணெய் நல்லது. மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள், அதில் வைட்டமின் ஏ இருக்கிறது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். பூனைக்கு எந்த மாத்திரை கொடுத்தாலும் பின்னால் 5 மில்லி தண்ணீர் சிரிஞ்சில் கொடுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளின் உலர்ந்து தொண்டைக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிக் குழாயே சுருங்கிவிடும்.

நம் வீட்டு டைல்ஸ், மொசைக், கிரானைட் தரைகள் மூட்டு போன நாய்க்குச் சறுக்குமரம். படுக்குமிடம், சாப்பிடுமிடம், வாசல், இந்த மூன்றையும் இணைத்துப் பாயோ கோணியோ தென்னைநார் மிதியடியோ போட்டுவிடுங்கள். பாதத்துக்கு அடியில் விரலிடுக்கு முடியையும் நகத்தையும் வெட்டிவிட்டாலே பாதி வழுக்கல் போகும். பூனையின் மணல் தட்டில் ஒரு பக்க விளிம்பை அறுத்துத் தாழ்த்துங்கள். சித்திரை வெயிலில் நடை காலை ஆறுக்கு முன் அல்லது இருட்டிய பின். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கூட்டிப்போங்கள்.

தூங்கும்போது மூச்சையும் எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது ஒன்று. ஆழ்ந்த தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். நாளுக்கு நாள் அதைத் தாண்டிக்கொண்டே போனால் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன வகை நாய்களில் வயதானபின் இதய வால்வு தடித்து ஒழுகுவது சகஜம், இன்று அதற்கு நல்ல மருந்துகள் உண்டு. உங்கள் ஊர் மருத்துவமனையில் ஸ்கேன் வசதி இல்லையென்றால், கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் உண்டு.

ராத்திரியில் ஊளையிட்டால்

நாய் ஊளையிட்டால் வீட்டில் சாவு விழும் என்று பயப்படும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிழ நாய் நள்ளிரவில் எழுந்து சுவரைப் பார்த்துக் குரைப்பது, கதவின் கீல் பக்கம் போய் நின்று திறக்கக் காத்திருப்பது, மூலையில் மாட்டிக்கொண்டு பின்னால் வரத் தெரியாமல் நிற்பது, பகலெல்லாம் தூங்குவது, பழகிய ஆளை மறப்பது: இவை மூளை தளர்வதன் அறிகுறிகள், மனிதரின் மறதி நோய்க்கு ஒன்றுவிட்ட உறவு. பூனையும் இப்படிக் கத்தும், ஆனால் பூனையில் ரத்த அழுத்தமும் தைராய்டும் இதே கத்தலைத் தரும், அவற்றை முதலில் பார்க்க வேண்டும். மூளைத் தளர்ச்சியைக் குணமாக்க முடியாது, மெதுவாக்க முடியும். மருந்து உண்டு. சாமான்களை இடம் மாற்றாமல், ஒரு சின்ன விளக்கை எரியவிட்டு, பகலில் இரண்டு முறை கொஞ்சம் நடக்கவைத்து, முகர்ந்து தேடித் தின்ன ஏதாவது ஒளித்துவைத்தால் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் திரும்பும். திட்டாதீர்கள். அதற்கு ஏன் என்று தெரியாது.

கண்ணில் நீலப்புகை படர்ந்தால் எல்லாம் கண்புரை இல்லை. வயதில் விழிவில்லை இறுகிப் புகைபோலத் தெரியும், பார்வை பெரிதாகக் கெடாது. பால் வெள்ளையாக இருந்தால் காட்டுங்கள்.

கடைசி நாட்கள்

மணி 13 வயது முடிந்து சில மாதம் இருந்தான். சாப்பிடுகிறானா, தானாக எழுகிறானா, வலியில்லாமல் தூங்குகிறானா, என்னைப் பார்த்தால் வால் ஆடுகிறதா: நாள்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு வட்டம், கெட்ட நாளுக்கு ஒரு கோடு போட்டுவந்தேன். கோடுகள் வட்டங்களை மிஞ்சிய வாரத்தில் மருத்துவரிடம் பேசினோம். கருணைக் கொலை என்ற சொல் பலரைப் பின்வாங்க வைக்கிறது, எனக்கும் அந்தச் சொல் பிடிக்காது. நடப்பது இதுதான்: முதலில் மயக்க ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள், ஆழ்ந்து தூங்கிய பிறகுதான் அடுத்த ஊசி. இரண்டாவதை அது உணராது. வீட்டுக்கு வந்து செய்யும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டியே விசாரித்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தலையை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நான் கேட்டேன், "கீழே பாய் விரிச்சு உக்காருங்கம்மா" என்றார்.